டப்ளினுக்கு வெளியே கடைகள் ஏன் மூடுகின்றன? எனிஸ் ஊரிலிருந்து ஒரு பதில்

'அயர்லாந்தின் சிறு நகரங்களில் நிறையக் கடைகள் பூட்டிக் கிடக்கின்றனவே, ஆன்லைன் வியாபாரம்தான் காரணமா? அங்கே ஓர் இந்திய மளிகைக்கடை போட்டால் ஓடுமா?' என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் இருப்பது அயர்லாந்தின் மேற்கே கிளேர் கவுண்டியின் (கவுண்டி என்றால் மாவட்டம் மாதிரி) எனிஸ். ஏறத்தாழ 28 ஆயிரம் பேர் வாழும் ஊர். கவுண்டியில் இதுதான் பெரியது. இங்கே சில சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். அதனால் வீதியில் தெரிவதைவிட ரசீதுக் கட்டில் தெரிவதைத்தான் சொல்ல முடியும்.

முதலில் ஒரு விஷயம். இங்கே மூடும் கடைகளெல்லாம் நொடித்துப்போய் மூடவில்லை. பல கடைகள் மூடுவது, முதலாளிக்கு எழுபது வயது தாண்டிவிட்டது, பிள்ளைகள் டப்ளினிலோ சிட்னியிலோ வேலையில் இருக்கிறார்கள் என்பதால்தான். சரி, வேறொருவர் எடுத்து நடத்தலாமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். கட்டிடம் தாத்தா காலத்துச் சொத்து, வாடகை கிடையாது. அதனால்தான் அந்தப் பெரியவரின் கடை இத்தனை காலம் ஓடியது. அதே வியாபாரத்தில் வாடகையையும் சேர்த்துப் போட்டுப் பார்த்தால் முதலுக்கே மோசம். அடுத்து வருபவருக்குக் கணக்கு கட்டுப்படியாகவில்லை. என்னைக் கேட்டால் மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

செலவுகளைப் பார்ப்போம். குறைந்தபட்ச ஊதியம் 2022-ல் மணிக்கு 10.50 யூரோ, 2026 ஜனவரியிலிருந்து 14.15. வாரம் 39 மணி நேரம் நிற்கும் ஒருவருக்கு 550 யூரோவுக்கு மேல், சமூகக் காப்பீட்டில் முதலாளியின் பங்கு தனி. 2023-ல் சம்பளத்தோடு கூடிய நோய் விடுப்பு கட்டாயமானது, 2026-ல் ஓய்வூதியச் சேமிப்பும் சேர்ந்துகொண்டது. இவற்றைத் தவறு என்று சொல்ல மாட்டேன். கல்லாவில் நிற்கும் அந்தப் பெண்ணும் இதே ஊரில்தான் வீட்டு வாடகை கொடுக்கிறாள். ஆனால் பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் டன்ஸ், பென்னிஸ் தாங்கிக்கொள்வதை இரண்டு பேர் வேலை பார்க்கும் கடை தாங்காது. அப்புறம் கவுண்டி கவுன்சிலுக்குக் கட்டும் ரேட்ஸ். இது கட்டிடத்தின் மதிப்பை வைத்துப் போடும் வரி. அந்த வருடம் நீங்கள் சம்பாதித்தீர்களா, காற்று வாங்கினீர்களா என்பதைப் பார்க்காது. பத்தாததற்குக் காப்பீடு. மழை நாளில் வாடிக்கையாளர் வழுக்கி விழுந்தால் என்ன ஆகும் என்ற பயம் இங்கே எல்லாக் கடைக்காரருக்கும் உண்டு.

ஆன்லைனுக்கு வருவோம். இதில் எனிஸுக்கு ஒரு தனிக் கதை இருக்கிறது. 1997-ல் அன்றைய தொலைபேசி நிறுவனம் ஒரு போட்டி வைத்து, எனிஸை நாட்டின் 'தகவல் யுக நகரம்' என்று தேர்ந்தெடுத்தது. வீடுகளுக்குச் சலுகை விலையில் கணினி வந்தது. ஆக, இந்த ஊர்க்காரர்கள் இணையத்துக்கு நேற்று வந்தவர்கள் இல்லை.

நான் கணக்கு பார்க்கும் கடைகளில் ஒன்று செருப்புக்கடை. ஆகஸ்டில் பள்ளி திறப்பதற்கு முன் அங்கே கூட்டம் நெரியும். முதலாளி மண்டியிட்டு உட்கார்ந்து, குழந்தையின் காலை அளவுப் பலகையில் வைப்பார். ஷூவைப் போட்டு, நுனியில் கட்டைவிரலால் அழுத்தி, இன்னும் அரை சைஸ் பெரிதாக வேண்டும் என்று உள்ளே போய் வேறொரு பெட்டி எடுத்து வருவார். நான்கு ஜோடி மாற்றிப் பார்த்த பிறகு, அம்மா பெட்டியின் ஓரத்து லேபிளைப் போனில் படம் எடுத்துக்கொண்டு, 'யோசித்துவிட்டு வருகிறோம்' என்று கிளம்பிவிடுவார். அந்தப் படம் ஆன்லைனில் தேடத்தான் என்று முதலாளிக்குத் தெரியும். அன்பாகக் கதவைத் திறந்துவிடுவார், வேறென்ன செய்வது? குழந்தைகள் ஷூவுக்கு வாட் வரி இல்லை, அது ஒரு நிம்மதி. பெரியவர்கள் ஷூ 60 யூரோவுக்கு விற்றால் அதில் 11 யூரோவுக்கு மேல் வாட் வரியாகவே போய்விடும், விகிதம் 23 விழுக்காடு. 2025 மார்ச்சில் அமேசானும் அயர்லாந்துக்கென்று தனித் தளம் திறந்துவிட்டது.

ஆனால் ஆன்லைன் இல்லாத காலத்திலேயே ஆளை இழுக்கப் பக்கத்துப் பெருநகரம் லிமெரிக் இருந்தது. எம்18 சாலையில் ஏறினால் அரை மணி நேரத்தில் லிமெரிக், அங்கே பெரிய மால்கள், இலவச பார்க்கிங். 2017-ல் அதே சாலை வடக்கே கால்வே பக்கமும் நீண்டது. நல்ல சாலை வந்தால் ஊருக்கு ஆள் வருவார்கள் என்பார்கள், போகவும் செய்வார்கள். எனிஸின் நடுவீதிகளோ பழைய காலத்தவை. பார்னல் தெருவில் ஒரு வண்டி நின்று சரக்கு இறக்கினால் பின்னால் வருபவர் காத்திருக்க வேண்டியதுதான். நடந்து போக அருமையான வீதி. வாரச் சாமான் வாங்க வருபவருக்குத் தலைவலி.

அடுத்தது என் சொந்தக் கருத்து, ஒத்துக்கொள்ளாதவர்களும் உண்டு. ஓ'கானல் தெருவில் நின்று பெயர்ப்பலகைகளுக்கு மேலே நிமிர்ந்து பாருங்கள். மாடி ஜன்னல்கள் பலவற்றில் திரைச்சீலைகூட இருக்காது. முன்பு கடைக்காரர் குடும்பம் மாடியில்தான் வாழ்ந்தது. பிறகு ஊருக்கு வெளியே புல்வெளியோடு வீடு கட்டிக்கொண்டு போனார்கள். அதே செருப்புக்கடையில் இருப்புக் கணக்கெடுக்க ஒருமுறை மாடிக்குப் போனேன். பூப்போட்ட சுவர்த்தாள், வார்ப்பிரும்புக் கணப்பு, அதன் முன்னால் கூரை வரை காலிப் பெட்டிகள். மூன்று நல்ல அறைகள். வாடகைக்கு விடலாமே என்றால், மாடிப்படி கடைக்குள்ளிருந்துதான் ஏறுகிறது. முகப்பைப் பெரிதாக்கியபோது வீட்டுக்கென்று இருந்த பக்கவாசலை எடுத்துவிட்டார்களாம். இனி தனி வாசல் வைக்க வேண்டுமென்றால் கடையின் இடம் குறையும், தீ பாதுகாப்புச் சான்றிதழ் வேண்டும், பழைமை காக்கும் பட்டியலில் உள்ள கட்டிடமென்றால் இன்னும் கெடுபிடி. காலி வீட்டைப் புதுப்பிக்க 'க்ரீ கோனிஹெ' திட்டத்தில் அரசு 50 ஆயிரம் யூரோ வரை தருகிறது, பாழடைந்ததென்றால் 70 ஆயிரம். ஆனால் செருப்புக்கடை முதலாளி, 'இந்த வயதில் எனக்கு எதற்கு இந்தக் கட்டிட வேலையெல்லாம்?' என்கிறார். இத்தனைக்கும் ஊரில் வாடகைக்கு வீடு தேடுபவர்கள் அலைந்துகொண்டிருக்கிறார்கள். மாடியில் குடித்தனம் இருந்தால் அந்த வாடகையே கீழ்க்கடையின் செலவில் ஒரு பகுதியைச் சரிக்கட்டும், சாயங்காலம் ஆறு மணிக்குப் பிறகும் தெருவில் ஆள் நடமாட்டம் இருக்கும்.

நல்ல நாட்களும் உண்டு. மே மாதத்தில், கத்தோலிக்கக் குழந்தைகளின் முதல் நற்கருணை விழாவுக்கு வெள்ளைக் கவுன் வாங்க வரும் குடும்பங்கள் ஆன்லைனை நம்புவதில்லை. தொட்டுப் பார்த்துத்தான் வாங்குவார்கள். 2024 ஜூலையில் கிளேர் அணி ஹர்லிங் என்ற இந்நாட்டு மட்டை விளையாட்டில் அனைத்து அயர்லாந்துக் கோப்பையை வென்றபோது மஞ்சள், நீலக் கொடி தொங்காத கடையே இல்லை.

இனி உங்கள் மளிகைக்கடை. மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் வேலை செய்யும் கேரளத்து நர்ஸ்கள், பக்கத்து ஊரான ஷானனில் வேலை பார்க்கும் நம்மவர்கள் என்று வாடிக்கையாளர் உண்டு. ஆனால் அரிசி, பருப்பு மூட்டையை நம்பாதீர்கள். பெரிய சூப்பர் மார்க்கெட்டிலேயே அது கிடைக்கிறது, டப்ளின் கடைகள் வீட்டுக்கே அனுப்புகின்றன. கறிவேப்பிலை, முருங்கைக்காய், இட்லி மாவு, உறைந்த பரோட்டா, வெள்ளிக்கிழமை மீன் என்று இன்றே வேண்டும் என்கிற பொருட்கள்தான் ஆளை உள்ளே இழுக்கும்.

கடை பிடிக்கும்போது போன வருட ரேட்ஸ் ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். பலர் 4 ஆண்டு 9 மாதத்துக்குத்தான் குத்தகை தருவார்கள். ஐந்து ஆண்டு ஆகிவிட்டால் வாடகைதாரருக்குப் புதுப்பித்துக் கேட்கும் உரிமை வந்துவிடும் என்பதால். அது பரவாயில்லை, இடையில் வெளியேற வழி இருக்கிறதா என்று மட்டும் வழக்கறிஞரை வைத்துப் பார்த்துவிடுங்கள். இன்னொன்று, நீங்கள் வேலை அனுமதியில் ஸ்டாம்ப் 1 என்ற குடியேற்ற அனுமதி வகையில் இருந்தால் சொந்தத் தொழில் நடத்த முடியாது. சொந்தத் தொழிலுக்கு இடம் தரும் ஸ்டாம்ப் 4 கைக்கு வந்த பிறகு முன்பணம் கொடுங்கள்.