பாட்டன், பூட்டி தமிழ் பேசியவர்கள் என்றால் குழந்தைக்கும் தமிழ் ரத்தத்தில் வருமா?

கேட்டவர் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஏழு மாதக் குழந்தையின் தாய். வீட்டில் ஆங்கிலம்தான், ஆயா (பாட்டி) மட்டும் தமிழ் பேசுவாராம். பள்ளி வயதில் கற்றுக்கொடுத்தால் போதாதா என்கிறார்.

ரத்தத்தில் வராது. டர்பனின் புறநகரான சாட்ஸ்வொர்த்தில் வார இறுதித் தமிழ் வகுப்பு எடுக்கும் என்னிடம் பெற்றோர் அடிக்கடி கேட்பதும் இதுதான். பிறப்பில் வருவது மொழியைக் கற்கும் திறன். லண்டன் குடும்பம் ஒன்றில் மூன்று தலைமுறையாகப் பாதிப்பேருக்குப் பேச்சுக் குறைபாடு. ஃபாக்ஸ்பி2 என்ற மரபணுவின் பழுதே காரணம் என்று 2001இல் கண்டறிந்தார்கள். பேச்சு ஒழுங்காக வர அந்த மரபணு பழுதின்றி இருக்க வேண்டும். எந்த மொழி என்பதில் அதற்குப் பங்கில்லை. 1860இல் சென்னையிலிருந்து கப்பலேறிய நம் முன்னோர் தமிழை வாயில்தான் கொண்டுவந்தார்கள்.

ஆனால் காலம் முக்கியம். கனடாவில் உளவியலாளர் ஜேனட் வெர்க்கர் 1984இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு இந்தியின் 'த', 'ட' ஒலிகளை மாற்றி மாற்றிக் கேட்க வைத்தார்கள். ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகளில் பெரும்பாலோர் வேறுபாட்டை உணர்ந்தார்கள். ஒரு வயதை நெருங்கியவர்களில் மிகச் சிலரே உணர்ந்தார்கள். நமக்கும் அதே த, ட தான்! காது மழுங்கிவிட்டது என்று எண்ண வேண்டாம். நம்மூர் ஜூலு மொழியில் நாக்கைச் சொடுக்கி எழுப்பும் சொடுக்கொலிகளை, அதை அறியாத அமெரிக்கப் பெரியவர்களே நன்றாகப் பிரித்தறிந்தார்கள் என்கிறது 1988இல் வந்த ஓர் ஆய்வு. ஆங்கிலத்தில் அவற்றுக்கு இணையான ஒலியே இல்லாததால் குழப்பமும் இல்லை. த, ட இரண்டுமோ ஆங்கிலக் காதில் ஒரே ஒலியாகிவிடுகின்றன.

கைப்பேசியில் தமிழ்ப் பாட்டுப் போட்டுவிடலாமே என்பீர்கள். அமெரிக்க ஆய்வாளர் பட்ரீசியா குல் 2003இல் அதையும் சோதித்தார். ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளோடு சீன மொழி பேசுபவர் நேரில் உட்கார்ந்து பன்னிரண்டு முறை விளையாடியதும், அம்மொழியின் ஒலி வேறுபாட்டை அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். அதையே திரையில் பார்த்த குழந்தைகளுக்குப் பலன் இல்லை. என் வகுப்பிலும் தேவாரத்தை ஆங்கில எழுத்தில் பார்த்துப் பிசிறின்றிப் பாடும் பிள்ளைகள், "சாப்பிட்டாயா?" என்று கேட்டால் விழிக்கிறார்கள்.

பள்ளி வயதிலும் சொல்லும் இலக்கணமும் கற்கலாம், உச்சரிப்புத்தான் அடம்பிடிக்கும். கைக்குழந்தையாக நெதர்லாந்துக்குத் தத்துப்போன கொரியர்கள், கொரிய மொழி அடியோடு மறந்த பிறகும், வளர்ந்தபின் அதன் ஒலிகளை மற்ற டச்சுக்காரர்களைவிட நன்றாகக் கற்றார்கள் என்கிறது 2017இல் வந்த ஓர் ஆய்வு. ஆகவே ஆயா இப்போது பேசுவது வீண்போகாது. இரண்டு மொழி கேட்டால் குழந்தை குழம்பும் என்ற பயமும் வேண்டாம். பேரனைப் பார்த்ததும் ஆயா ஆங்கிலத்துக்குத் தாவினால் மட்டும், தமிழிலேயே கொஞ்சச் சொல்லுங்கள்.