வாசகர் கேள்விகள்: பழைய வன்தட்டைப் புதிய கணினியில் பொருத்தலாமா?

கேள்வி: ஏழு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வரும் மேசைக் கணினியில் விண்டோஸ் 10 நிறுவியிருக்கிறேன். எனக்குத் தேவையான மென்பொருள்கள் எல்லாம் அதில் ஒழுங்காக அமைந்துவிட்டன. இப்போது வேறொரு கணினி வாங்கியிருக்கிறேன். பழைய கணினியின் வன்தட்டைக் கழற்றி அப்படியே புதியதில் மாட்டினால் எல்லாம் முன்போலவே இயங்குமா? இயங்கும் என்கிறார் ஒரு நண்பர். நீலத் திரைதான் வரும் என்கிறார் மற்றொருவர். யார் சொல்வதை நம்புவது?

பதில்: இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. நீலத் திரை வரும் என்று எச்சரித்த நண்பர் எக்ஸ்பி காலத்தில் கையைச் சுட்டுக்கொண்டவராக இருக்கக்கூடும். விண்டோஸ் எக்ஸ்பி, தான் நிறுவப்படும் வேளையிலேயே அந்த மதர்போர்டுக்கு ஏற்ற அடிப்படைக் கோப்புகளையும், வன்தட்டை இயக்கும் சிப்புக்கு உரிய டிரைவர் என்னும் இயக்கு மென்பொருளையும் தேர்ந்தெடுத்து, அவற்றை மட்டுமே நம்பியிருக்கும். தட்டை வேறு மதர்போர்டில் மாட்டினால், தான் எழுந்து வருவதற்கே தேவையான தட்டை அதனால் படிக்க முடியாமல் போய், 7பி என முடியும் பிழை எண்ணுடன் நீலத் திரை தோன்றும். விண்டோஸ் 10 அந்த அளவுக்கு இறுக்கமானது அன்று. ஏஹெச்சிஐ என்னும் பொதுவான இணைப்பு முறையில் இயங்கும் சாட்டா வகைத் தட்டுகளுக்கும், அவற்றினும் வேகமான என்விஎம்இ வகைத் தட்டுகளுக்கும் பொதுவான டிரைவர்கள் அதனுள்ளேயே இருக்கின்றன.

எனவே முதல்முறை புதிய கணினியில் மின்சாரம் கொடுத்ததும் பெரும்பாலும் நீங்கள் காணப்போவது இதுதான்: சுழலும் புள்ளிகளுக்குக் கீழே, சாதனங்களைத் தயார் செய்வதாக ஒரு வரி வரும், சதவீதம் மெதுவாக ஏறும், ஓரிரு முறை கணினி தானாகவே மறுபடி துவங்கும். பிறகு வரும் முகப்புத் திரையில் படக்குறிகள் பருத்துத் தெரியும், வைஃபை இருக்காது, ஒலி வராது. இதைப் பார்த்துப் பதற வேண்டாம். திரை, ஒலி, வலையமைப்பு ஆகியவற்றுக்கான டிரைவர்கள் இன்னும் வந்து சேரவில்லை என்பதே காரணம். புதிய மதர்போர்டின் வலையமைப்பு டிரைவரை முன்கூட்டியே ஒரு பென் டிரைவில் எடுத்து வைத்துக்கொண்டால், இணையம் கிடைத்த அரை மணி நேரத்தில் மற்றவை ஒவ்வொன்றாகத் தாமே வந்துவிடும்.

ஆனால் நான் உங்களிடம் அழுத்திச் சொல்ல விரும்புவது டிரைவர்களைப் பற்றி அன்று. இயங்குதளம் முழுவதும் வன்தட்டில்தான் குடியிருக்கிறது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் அதற்குச் சொந்தமான மூன்று செய்திகள் மதர்போர்டோடு பிணைந்திருக்கின்றன. தட்டைக் கழற்றும்போது அவை பழைய பெட்டியிலேயே தங்கிவிடுகின்றன. பழைய கணினி உயிரோடு இருக்கும்போதே அவற்றைக் கவனித்துவிட்டால், இடமாற்றத்தில் முக்கால் பங்கு வேலை முடிந்தது.

அந்த மூன்றில் ஆபத்தானது குறியாக்கச் சாவி. தட்டில் உள்ளவற்றைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதிகளான பிட்லாக்கரோ சாதனக் குறியாக்கமோ இயங்கிக்கொண்டிருந்தால், தட்டைத் திறக்கும் சாவி மதர்போர்டில் உள்ள டிபிஎம் என்னும் பாதுகாப்புச் சிப்பிடம் (சில கணினிகளில் செயலிக்குள்ளேயே) ஒப்படைக்கப்பட்டிருக்கும். வேறு மதர்போர்டுக்கு அந்தச் சாவி தெரியாது; ஆகவே 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டு நின்றுவிடும். தாம் குறியாக்கத்தை இயக்கவே இல்லை என்று உறுதியாகச் சொல்பவர்கள் பலரின் கணினியிலும் அது இயங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். மைக்ரோசாஃப்ட் கணக்கைக் கொண்டு அமைக்கப்பட்ட கணினிகள் பலவற்றில் அது தானாகவே இயங்கத் தொடங்கிவிடுகிறது. அமைப்புகளில் சென்று பார்த்து, இயங்குவதாக இருந்தால் அதை முழுமையாக அணைத்துவிடுங்கள். குறியாக்கம் நீங்கி முடியச் சில மணி நேரம் ஆகலாம். அது முடியும் வரை திருப்புளியைத் தொடாதீர்கள்.

இரண்டாவது, துவக்கப் பதிவு. யூஇஎஃப்ஐ என்னும் புதிய துவக்க முறையைக் கொண்ட கணினிகளில், எந்தத் தட்டில் எந்தக் கோப்பிலிருந்து துவங்க வேண்டும் என்ற குறிப்பு மதர்போர்டின் நினைவகத்தில் எழுதப்பட்டிருக்கும். புதிய மதர்போர்டில் அந்தக் குறிப்பு இருக்காது என்றாலும், தட்டில் பொதுவான பெயரில் மற்றொரு துவக்கக் கோப்பையும் விண்டோஸ் வைத்திருப்பதால், பெரும்பாலான மதர்போர்டுகள் அதைத் தேடிக் கண்டுபிடித்துக்கொள்ளும். உங்கள் கணினி ஏழு ஆண்டுப் பழையது என்பதால் வேறொரு சிக்கலுக்கே வாய்ப்பு அதிகம்: அது யூஇஎஃப்ஐக்கு முந்தைய பயாஸ் துவக்க முறையில், எம்பிஆர் என்னும் பழைய வகைத் தட்டுப் பகுப்புடன் நிறுவப்பட்டிருக்கலாம். புதிய மதர்போர்டுகள் பலவற்றில் அந்த முறைக்கு இடமே இல்லை. தட்டு நலமாக இருந்தும், துவக்கத் தட்டு எதுவும் இல்லை என்று கணினி சொல்லும். தட்டு மேலாண்மைச் சாளரத்தில் தட்டின் பண்புகளைத் திறந்தால், எம்பிஆரா, யூஇஎஃப்ஐக்கு ஏற்ற ஜிபிடி வகையா என்பது தெரிந்துவிடும். எம்பிஆர் என்றால், 2017 இல் வெளியான விண்டோஸ் 10இன் 1703 பதிப்பிலிருந்து உடன் வரும் எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி, கோப்புகளை அழிக்காமலே வகையை மாற்றித் தரும். ஒன்றை மறந்துவிடாதீர்கள்: மாற்றிய பிறகு, யூஇஎஃப்ஐ இல்லாத பழைய மதர்போர்டில் அந்தத் தட்டு மறுபடி துவங்காது. ஆகவே கோப்புகளுக்கு வேறிடத்தில் ஒரு பேக்கப் எடுத்துவிட்டே இதில் இறங்க வேண்டும்.

மூன்றாவது, உரிமம். கணினியோடு சேர்ந்து வந்த ஓஇஎம் உரிமம் அந்த மதர்போர்டோடு முடிந்துவிடும். தனியாக வாங்கிய சில்லறை உரிமம் என்றால் பழைய கணினியில் விட்டுவிட்டுப் புதியதில் பயன்படுத்தலாம். அதை உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இப்போதே இணைத்துவைத்தால், செயலாக்கப் பக்கத்தில் வன்பொருளை மாற்றியதாகத் தெரிவித்து மீட்டுக்கொள்ள முடியும். புதிய கணினியே விண்டோஸோடு வந்திருந்து, ஹோம், ப்ரோ என்ற பதிப்பும் ஒத்துப்போனால், பெரும்பாலும் செயலாக்கம் தானே நடந்துவிடும். காசு கொடுத்து வாங்கிய பிற மென்பொருள்களையும் இங்கேயே நினைவில் கொள்ளுங்கள். வன்பொருளை அடையாளமாக வைத்து உரிமம் சரிபார்ப்பவை சில உண்டு. அவற்றைப் பழைய கணினியிலேயே விடுவித்துவிட்டு வருவது நல்லது.

கழற்றுவதற்கு முன் ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுங்கள். வழக்கம்போல் அணைத்தால், விரைவுத் துவக்க வசதி, இயங்குதளத்தின் மையப் பகுதியான கருநிரலின் நிலையைத் தட்டில் சேமித்துவைத்துவிடும். பழைய வன்பொருளின் அந்த நினைவோடு புதிய வன்பொருளில் எழுந்திருக்க வைப்பது தேவையற்ற குழப்பம்.

மாட்டிய பின்னும் 7பி பிழை வந்தால், முதலில் புதிய கணினியின் பயாஸ் அமைப்புத் திரையில் சேமிப்பகம் எந்த முறையில் இருக்கிறது என்று பாருங்கள். பழையதில் ஏஹெச்சிஐ ஆகவும் புதியதில் ரெய்டு அல்லது விஎம்டி ஆகவும் இருந்தால் விண்டோஸ் தட்டைக் காணாது. நான் மாற்றிய ஒரு கணினி இப்படித்தான் ஒரு மாலை முழுவதும் துவங்குவதும் வீழ்வதுமாக இருந்தது. அந்த ஒரு வரியை ஏஹெச்சிஐ என்று மாற்றியதும் அடுத்த நிமிடமே கடவுச்சொல் கேட்டது. அப்படியும் வரவில்லை என்றால், இரண்டு மூன்று முறை துவக்கம் தவறியதும் வரும் மீட்புத் திரையிலிருந்து பாதுகாப்பு முறையில் (சேஃப் மோட்) ஒருமுறை நுழைந்து வெளியேறிப் பாருங்கள். அணைந்துகிடக்கும் சேமிப்பக டிரைவர்கள் அப்போது விழித்துக்கொள்வதுண்டு.

இவ்வளவும் சொன்ன பிறகு என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். ஏழு ஆண்டு சுழன்ற தட்டையே புதிய கணினிக்கும் அடித்தளமாக வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சுழலும் பாகமற்ற எஸ்எஸ்டி தட்டு ஒன்றில் அதை நகலெடுத்து, அந்த நகலைப் புதிய கணினியில் மாட்டுங்கள். மூலத்தட்டு அப்படியே பேக்கப்பாக இருக்கும், எம்பிஆர் மாற்றத்தையும் நகலில் செய்துகொள்ளலாம். முதல் துவக்கத்தின்போது இரண்டையும் ஒரே கணினியில் மாட்டாதீர்கள்; இரண்டுக்கும் அடையாள எண் ஒன்றாக இருப்பதால் விண்டோஸ் குழம்பும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டதால், இடமாற்றம் நிலைபெற்ற பிறகு, மென்பொருள்களை இழக்காமலே விண்டோஸ் 11க்கு மேம்படுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மடிக்கணினியின் மதர்போர்டு பழுதாகிவிட்டது. அதிலிருந்த எம்.2 தட்டை எடுத்து என் அண்ணனின் மடிக்கணினியில் பொருத்தினேன். நீலத் திரையில் பிட்லாக்கர் மீட்புச் சாவியைக் கேட்கிறது. அப்படி எதையும் நான் அமைத்ததாக நினைவில்லை. உள்ளே மூன்று ஆண்டுப் படங்கள் இருக்கின்றன. தட்டு கெட்டுவிட்டதா?

பதில்: தட்டு கெடவில்லை; சாவி மட்டும் பிரிந்து நிற்கிறது. அந்தத் திரையில் மீட்புச் சாவிக்கான ஓர் அடையாளக் குறி காட்டப்படுகிறது அல்லவா, அதன் முதல் எட்டு எழுத்துகளைக் குறித்துக்கொள்ளுங்கள். வேறொரு கருவியிலிருந்து உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, மீட்புச் சாவிகளின் பக்கத்தைத் திறந்தால், அதே குறியோடு 48 இலக்க எண், ஆறு ஆறாக எட்டுத் தொகுதிகளில் இருக்கும். உங்கள் கணக்கில் இல்லை என்றால், அந்த மடிக்கணினியை முதன்முதலில் அமைத்தவர் யார் என்று யோசியுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் இரண்டு நாள் தேடிக் களைத்த பிறகு, வாங்கிய அன்று கணினியை அமைத்துக்கொடுத்த மகளின் கணக்கில் சாவி கிடைத்தது. அலுவலகமோ கல்லூரியோ கொடுத்த கணக்கில் நுழைந்திருந்தால், அங்குள்ள கணினி நிர்வாகியிடம் கேளுங்கள்.

எங்கும் கிடைக்கவில்லை என்றாலும் தட்டை ஃபார்மட் செய்துவிடாதீர்கள். பழைய மதர்போர்டை மாற்றாமல், அதே மதர்போர்டைப் பழுதுபார்த்து ஒருமுறை உயிர்ப்பிக்க முடிந்தால், டிபிஎம் சாவியைக் கொடுத்துவிடும். பழுதுபார்ப்பவரிடம் இதை முதலிலேயே விளக்கிச் சொல்லுங்கள். இந்த இரண்டு வழியும் அடைபட்டால் அந்தக் குறியாக்கத்தை உடைத்துத் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம். படங்களின் அருமை எனக்குப் புரிகிறது. ஆனால் புறவாசல் ஒன்று இருப்பதாகச் சொல்லி உங்களை ஏமாற்ற எனக்கு மனமில்லை.

கேள்வி: லினக்ஸ் நிறுவிய தட்டை எந்தக் கணினியில் மாட்டினாலும் இயங்கும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: பெருமளவுக்கு உண்மை. டிரைவர்களில் பெரும்பாலானவை கருநிரலோடு சேர்ந்தே வருகின்றன. தட்டின் பகுதிகளையும், அவை எந்தத் துளையில் மாட்டப்பட்டிருந்தாலும் மாறாத யூயூஐடி எண்ணால் அடையாளம் காண்பதே இப்போதைய வழக்கம். லினக்ஸ் வகைகளில் டெபியன், உபுண்டு ஆகியவை துவக்கக் கோப்பில் பலவகை டிரைவர்களைச் சேர்த்தே வைக்கின்றன. ஃபெடோரா அந்தந்தக் கணினிக்கு வேண்டியதை மட்டும் வைப்பதால் சில வேளை தடுமாறும். துவக்கப் பட்டியலில் உள்ள மீட்பு வரியைத் தேர்ந்தெடுத்து நுழைந்து, துவக்கக் கோப்பைப் புதிதாக உருவாக்கினால் சரியாகிவிடும். திரை அட்டைக்கான என்விடியாவின் சொந்த டிரைவர் இருந்தால் கழற்றுவதற்கு முன்பே நீக்கிவிடுங்கள், இல்லையேல் கருந்திரை வரலாம். மற்றொன்று, வலையமைப்பு அட்டையின் பெயர் அது மதர்போர்டில் இருக்கும் இடத்தை வைத்தே அமைவதால், புதிய கணினியில் அந்தப் பெயர் மாறும். நிலையான ஐபி முகவரி கொடுத்த சர்வரைத் திரை இல்லாமல் இடம் மாற்றுபவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். முதல்முறை துவக்கும்போதாவது திரையும் விசைப்பலகையும் அருகில் இருக்கட்டும்.

கேள்வி: பழைய கணக்கியல் மென்பொருள் ஒன்றுக்காக விண்டோஸ் 7 தட்டைப் புதிய கணினிக்கு மாற்றினேன். உள்நுழையும் திரை வரை வந்துவிட்டது. ஆனால் சுட்டியும் விசைப்பலகையும் அசையவில்லை. இரண்டையும் மாற்றிப் பார்த்தும் பயன் இல்லை.

பதில்: சுட்டியின் மீதும் விசைப்பலகையின் மீதும் குற்றம் இல்லை. விண்டோஸ் 7க்கு யூஎஸ்பி 3 இயல்பாகத் தெரியாது. 2015க்குப் பின் வந்த இன்டெல் மதர்போர்டுகளில் யூஎஸ்பி துளைகள் அனைத்தும் யூஎஸ்பி 3 கட்டுப்படுத்தியின் கீழ் வந்துவிட்டன. பயாஸ் திரையில் வேலை செய்யும் விசைப்பலகை, விண்டோஸ் பொறுப்பேற்றதும் ஊமையாகிவிடுவது இதனால்தான். மதர்போர்டின் பின்புறம் வட்ட வடிவப் பிஎஸ்2 துளை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், கணினியை அணைத்துவிட்டுப் பழைய பிஎஸ்2 விசைப்பலகையை அதில் மாட்டி, உள்ளே நுழைந்து, அந்த மதர்போர்டுக்கு உரிய யூஎஸ்பி 3 டிரைவரைக் குறுந்தகட்டிலிருந்து நிறுவலாம்.

ஆயினும் 2020 ஜனவரி 14 உடன் ஆதரவு முடிந்துபோன ஒன்றைப் புதிய கணினியின் முதன்மை இயங்குதளமாக வைத்து இணையத்தில் உலவ வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். தட்டைப் பழைய கணினியிலேயே மறுபடி மாட்டி, மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் உள்ள டிஸ்க்2விஹெச்டி என்ற இலவசக் கருவியால் முழுத் தட்டையும் ஒரே கோப்பாக்கிக்கொள்ளுங்கள். புதிய கணினியில் இன்றைய விண்டோஸை நிறுவி, அந்தக் கோப்பைக் கணினிக்குள் இயங்கும் மெய்நிகர்க் கணினியாகத் திறந்து, அதன் வலையமைப்பைத் துண்டித்துவிட்டால், உங்கள் கணக்கியல் மென்பொருள் பழைய விண்டோஸுக்குள் ஒரு சாளரத்தில் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். கணக்குக் கோப்புகளின் நகலை மட்டும் தனியாக வெளியே எடுத்து வையுங்கள்.