செடி எடையை வைத்து லெட்டூஸ் ரகத்தை முடிவு செய்யலாமா?

கேள்வி: தொண்டாமுத்தூர் பக்கம் பசுமைக்குடிலில் பாத்திக்கு ஒரு ரகமாக லெட்டூஸ் (சாலட் கீரை) போட்டேன். முட்டைக்கோஸ் போல உருண்டு தலை கட்டும் ஐஸ்பெர்க் 30 செ.மீ. இடைவெளியில் 70 நாளில் செடிக்கு 350 கிராம் வந்தது. லோலோ ரோசா 20 செ.மீ. இடைவெளியில் 40 நாளில் 150 கிராம்தான். மேற்கோரப் பாத்தியில் இருந்த ரொமைன் தண்டு நீண்டு கசந்துவிட்டது. அடுத்த போகத்துக்கு ஐஸ்பெர்க் மட்டும் போதுமா?

பதில்: அவசரப்படாதீங்க. செடி எடை ஏமாற்றும். உங்கள் இடைவெளிக்குச் சதுர மீட்டரில் ஐஸ்பெர்க் 11 செடி, லோலோ ரோசா 25 செடி. மகசூல் முறையே 3.85 கிலோ, 3.75 கிலோ, ஏறக்குறைய சமம். நாளால் வகுத்தால் ஐஸ்பெர்க் ஒரு நாளைக்கு 55 கிராம், லோலோ ரோசா 94 கிராம். அடுத்த நடவுக்குப் பாத்தி தயாரிக்க ஒரு வாரம் விட்டாலும் லோலோ ரோசாதான் முந்துகிறது. நாற்றுச் செலவு அதற்குக் கூடுதல். உங்கள் வியாபாரி தரும் கிலோ விலையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

ரொமைனை இப்போதே ஒதுக்குவது நியாயமில்லை. லெட்டூஸுக்கு 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் வெப்பம் இதம். சாயங்கால வெயில் முழுக்க வாங்கும் பாத்தியில் எந்த ரகத்தை வைத்தாலும் சீக்கிரம் பூந்தண்டு விடும், கசக்கும். தோற்றது ரகமா, இடமா என்று உங்கள் நடவை வைத்துச் சொல்லவே முடியாது.

அடுத்த முறை ஒவ்வொரு பாத்தியையும் மூன்றாகப் பிரித்து, மூன்று ரகத்தையும் எல்லாப் பாத்தியிலும் வையுங்கள். எது எங்கே என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். ஒரே நாளில் விதைத்து, அந்தந்த ரகம் பக்குவமானதும் அறுங்கள். ஓரச் செடிகளை எடை போடாதீர்கள். அவற்றுக்கு வெளிச்சமும் இடமும் அதிகம். பழுத்த வெளியிலைகளைக் கழித்தபின் வரும் எடைதான் காசு. ஐஸ்பெர்க்கில் நாலைந்து தலைகளை வெட்டிப் பாருங்கள். உள் இலை நுனி கருகியிருந்தால் சுண்ணாம்புச் சத்து அங்கே போய்ச் சேரவில்லை. காற்றோட்டமில்லாத புழுக்கத்தில் இது அதிகம் வரும், பக்கத் திரையைச் சுருட்டிவிடுங்கள்.

இந்தச் சோதனையை மார்கழியில் ஒருமுறை, பங்குனியில் ஒருமுறை செய்து பார்த்தே தீர வேண்டும். குளிரில் இறுகித் தலை கட்டும் ஐஸ்பெர்க், பங்குனி வெயிலில் தளர்ந்துபோகும். லோலோ ரோசாவின் சிவப்பும் வெளிறும். வெயில் காலத்தில் விதையே முளைக்காமல் உறங்கிவிடும் என்பதால், குழித்தட்டில் ஆழமாகப் புதைக்காமல் மேலாகத் தூவி, முளைக்கும்வரை குளிர்ச்சியான, வெளிச்சமுள்ள நிழலில் வையுங்கள். முளைப்பு முன்பின்னானால் ஒப்பீடே கெட்டுவிடும்.