சிங்கப்பூரில் எந்த கார்டைத் தேய்ப்பது?

டிசம்பரில் குடும்பத்தோடு சிங்கப்பூர் போகிறீர்கள், கையில் இருக்கிற கிரெடிட் கார்டில் 100 ரூபாய்க்கு 2 பாயின்ட் கிடைக்கிறது, அங்கேயும் அதையே தேய்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அந்த கார்டின் கட்டண விவரத்தில் ஃபாரக்ஸ் மார்க்அப், அதாவது வெளிநாட்டுப் பணத்தில் செலவழித்தால் வங்கி கூடுதலாகப் பிடிக்கும் கட்டணம், எவ்வளவு என்று முதலில் பாருங்கள், பெரும்பாலும் 3.5 சதவீதம் இருக்கும், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக 4.13 சதவீதம். ஒரு லட்சம் செலவழித்தால் 4,130 ரூபாய் போய்விடும், ஒரு பாயின்ட் 25 பைசா என்று வைத்தால் உங்களுக்குத் திரும்பி வருவதோ வெறும் 500 ரூபாய். மார்க்அப் இல்லாத கார்டுகள் இருக்கின்றன, சிலவற்றை ஃபிக்சட் டெபாசிட் போட்டும் வாங்கலாம், இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள்.

அப்புறம் ஒன்று. கடையில் மெஷினை நீட்டும்போது ரூபாயா டாலரா என்று திரையில் கேட்கும். ரூபாய் என்றால் கணக்கு சுலபம் என்று போன தடவை நான் அதை அமுக்கிவிட்டேன், ரசீதில் பார்த்தால் அன்றைய ரேட்டை விட ஏகத்துக்கும் அதிகம். நீங்கள் சிங்கப்பூர் டாலரையே அமுக்குங்கள். ஏடிஎம்மில் கிரெடிட் கார்டைச் செருகவே செருகாதீர்கள், பணம் எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும்.