வண்டியூர் கண்மாய்க்குப் போட்ட வெள்ள வரைபட முறை மாலத்தீவுக்குச் சரிவருமா?

கேள்வி இதுதான்: எஸ்ஆர்டிஎம் என்ற விண்கல ரேடார் உயரத் தரவை வைத்து கியூஜிஐஎஸ் வரைபட மென்பொருளில் மதுரை வண்டியூர் கண்மாய்க்குப் போட்டதுபோலவே, கடல் 0.5 மீட்டர் உயர்ந்தால் மாலத்தீவு என்னாகும் என்று போட்டால் தீவெல்லாம் திட்டுத்திட்டாக வருகிறது. ஏன்?

தரவுதான் காலை வாருகிறது. எஸ்ஆர்டிஎம் உயரங்கள் முழு மீட்டரில் இருப்பவை. அரை மீட்டர் கேள்வியை அதனிடம் கேட்கவே முடியாது. தென்னை உச்சியையும் கூரையையும் அது உயரத்தில் சேர்த்துக்கொள்ளும். மாலத்தீவு நிலத்தில் 80 சதவீதத்துக்கு மேல் 1 மீட்டருக்கும் தாழ்வு. கோபர்நிகஸ் என்ற ஐரோப்பியத் திட்டத்தின் 30 மீட்டர் கட்ட உயரத் தரவு இதைவிட மேல்தான், ஆனால் அதிலும் பிழை சில மீட்டர். லைடார் (மேலிருந்து லேசர் கதிரால் தரையை அளப்பது) அளவீடு வேண்டும். டிரோன் படம் மட்டும் எடுத்தால் தோப்புக்கு அடியில் தரை தெரியாது.

தரையில் ஆர்டிகே கருவியில் (சென்டிமீட்டர் துல்லியமுள்ள செயற்கைக்கோள் இடங்காட்டி) அளக்கும்போது உயரம் மைனஸ் 90, மைனஸ் 100 என்று வந்தால் பழுது என்று பயப்பட வேண்டாம். அது நீள்வட்டக உயரம், அதாவது பூமிக்குக் கணக்கில் வைத்த வழவழப்பான நீள்வட்டக வடிவத்திலிருந்து அளந்தது. அந்தப் பகுதியில் ஜியாய்டு (ஈர்ப்பு விசைப்படி அமையும் கடல் மட்டப் பரப்பு) அந்த நீள்வட்டகத்துக்கு ஏறக்குறைய 100 மீட்டர் கீழே கிடக்கிறது. ஜியாய்டு திருத்தம் போட்டு, பிறகு உள்ளூர் ஓத அளவியின் (கடல் மட்ட ஏற்ற இறக்கத்தைப் பதியும் கருவி) சராசரிக் கடல் மட்டத்தோடு இணையுங்கள். இதைத் தவிர்த்தால் மற்றதெல்லாம் வீண்.

மென்பொருளில் ஆயத்தொலை முறைக்குத் தரும் எண்ணில், மதுரைக்குப் பழகிய இபிஎஸ்ஜி 32644 மாலத்தீவுக்கு ஆகாது, 32643 போடுங்கள். நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருக்கும் அட்டு பவளத்தீவுக் கூட்டத்துக்கு 32743.

கண்மாயில் கரை உடையாமலோ தண்ணீர் வழியாமலோ ஊருக்குள் வெள்ளம் வராது. பவளத்தீவு மண்ணோ சல்லடை. கடல் ஏறினால் நிலத்தடி நீரும் ஏறி உட்பள்ளத்தில் ஊறும். எனவே கடலோடு தொடாத பள்ளங்களை வரைபடத்திலிருந்து அழிக்காமல் தனி நிறத்தில் காட்டுங்கள். அலை ஏற்றம் இதில் அடங்காது, அதற்குத் தனி மாதிரி வேண்டும்.