ஸ்காபரோ வீட்டுக் கூரைப்பீலி: வருடத்துக்கு எத்தனை தரம்?

தம்பி, வீடு வாங்கியதற்கு முதலில் வாழ்த்துகள். ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் இரண்டு மாடி வீடு, முன்னால் பெரிய மேப்பிள் மரம், பின்னால் அயல்வீட்டுப் பைன் மரம் என்று எழுதியிருந்தீர்கள். கூரைப்பீலியை, அதாவது கூரை ஓரத்தில் மழைத்தண்ணீரைப் பிடித்துக் குழாயால் கீழே இறக்குகிற வாய்க்காலை, வருடத்துக்கு நான்கு தரம் துப்புரவாக்க ஒப்பந்தம் போடுவோம் என்று ஒருவர் வந்து கதவைத் தட்டியிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரரோ இலை கொட்டி முடிந்த பிறகு ஒரு தரம் போதும் என்கிறார். இதில் யார் சொல்வது சரி என்பதுதானே உங்கள் கேள்வி?

உங்கள் வீட்டுக்கு இரண்டு தரம் வேண்டும். ஜூன் நடுப்பகுதியில் ஒன்று, நவம்பர் கடைசியில் ஒன்று. பைன் கிளை கூரைக்கு மேலே வந்திருந்தால் ஒக்ரோபரில் இன்னொரு தரம். மரமே வளராத புதுக் குடியிருப்பு என்றால் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது போல ஒன்றே போதும். நான்கு தரம் என்பது மரங்களுக்கு நடுவே ஒளிந்து நிற்கிற வீடுகளுக்குத்தான்.

கலண்டரைவிட மரத்தைப் பார்ப்பதுதான் முக்கியம். உங்கள் மேப்பிள் எந்த வகை என்று பாருங்கள். சில்வர் மேப்பிள் என்றால் மே கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலும் சிறகு வைத்த விதைகள் சுழன்று சுழன்று விழும். அவை பீலிக்குள் கிடக்கிற ஈரச் சேற்றில் ஊறி முளைவிட்டு, ஓரத்துக்கு மேலே சின்னச் சின்னப் பச்சை இலைகளாகத் தலை நீட்டும். கீழே நின்றே காணலாம். அப்படிக் கண்டால் உள்ளே மண் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். நோர்வே மேப்பிள் என்றால் மே மாதம் பூ கொட்டும், விதை இலையுதிர் காலத்தில்தான் வரும். ஆனால் மற்ற மேப்பிள்கள் வெறும் கிளையாக நிற்கும்போதும் அது இலையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். நவம்பர் நடுப்பகுதி தாண்டியும் விழும். வெள்ளைப் பைன் பழைய ஊசி இலைகளைச் செப்ரெம்பர், ஒக்ரோபரில் உதிர்க்கும். அந்த ஊசிகள் குழாய் வாயில் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, மற்றக் குப்பைகளையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

ஆகவே தீபாவளி லீவு கிடைத்தது என்று ஒக்ரோபர் கடைசியில் துப்புரவாக்கிவிட்டு, வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். பாதி இலை அப்போதும் மரத்தில்தான் இருக்கும். கடைசி இலை விழ வேண்டும், பீலித் தண்ணீர் உறையத் தொடங்கக் கூடாது. அந்த இடைவெளி இங்கே சிறியது, சில வருடங்களில் ஒரு கிழமைதான் கிடைக்கும். ஆளைக் கூப்பிடுவதாக இருந்தால் முன்கூட்டியே பதிந்து வையுங்கள்.

ஊரிலிருந்து வந்த எங்களுக்கு இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்று முதலில் விளங்காது. அங்கே ஓட்டுத் தாழ்வாரத்திலிருந்து விழுகிற தண்ணீர் முற்றத்து மண்ணில் ஊறிப் போய்விடும். வீட்டுக்குக் கீழே ஒன்றும் இல்லை. இங்கே கீழே பேஸ்மென்ட் இருக்கிறது. அதில் கார்பெட், ஃபர்னஸ், சாமான்கள், பல வீடுகளில் வாடகைக்கு ஆட்களும் இருக்கிறார்கள். 100 சதுர மீற்றர் கூரையில் 25 மில்லிமீற்றர் மழை பெய்தால் 2,500 லீற்றர் தண்ணீர். 2013 ஜூலை 8 அன்று ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்தில் 126 மில்லிமீற்றர் பதிவானது. 2024 ஜூலை 16 அன்று ஏறக்குறைய 98. அப்படியான மழையில் துப்புரவான பீலியே சில வேளை தாங்காமல் வழியும். அடைத்த பீலி என்றால் முழுத் தண்ணீரும் அத்திவாரச் சுவரோடு நேரே இறங்கும். இந்தப் பக்கத்து மண்ணில் களி அதிகம், தண்ணீர் லேசில் கீழே போகாது. சுவரில் சின்ன வெடிப்பு ஒன்று இருந்தாலும் அதற்குள் நுழையும். மாரியில் உறைந்து அந்த வெடிப்பை இன்னும் அகலமாக்கும்.

என் தங்கை வீட்டில் பேஸ்மென்ட் மூலையில் கார்பெட் அடிக்கடி ஈரமாகிக்கொண்டிருந்தது. வந்து பார்த்த ஒருவர், வெளியே தோண்டிச் சுவருக்கு நீர்த்தடை பூச வேண்டும் என்று பல ஆயிரம் டொலர் விலை சொன்னார். அந்த மூலைக்கு நேர் மேலே பீலிக் குழாயின் முதல் வளைவைக் கழற்றிப் பார்த்தபோது, கறுப்புக் கூழாகிப்போன இலையும் கூரையில் பதித்த ஷிங்கிள் தகட்டிலிருந்து உதிர்ந்த மணலும் சேர்ந்து ஒரு கை நீளத்துக்கு இறுகிக் கிடந்தது. அதை எடுத்த பிறகு ஈரம் வரவில்லை. பேஸ்மென்ட் கசிவு எல்லாமே பீலியால் வருவதில்லை. ஆனால் பணம் செலவழிக்க முதல் பார்க்க வேண்டிய இடம் அதுதான். காப்புறுதியையும் நம்பி இருக்காதீர்கள். மெல்ல மெல்லக் கசிந்து வருகிற சேதத்தைச் சாதாரண வீட்டுக் காப்புறுதி பொதுவாக ஏற்காது. கால்வாயிலிருந்து கழிவுநீர் வீட்டுக்குள் திரும்பி வருவதற்கான காப்பும் தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டிய ஒன்று.

ஏணி இல்லாமலே பீலியைச் சோதிக்கலாம். நல்ல மழை பெய்யும்போது குடையோடு வெளியே போய் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். விளிம்பால் திரைபோல வழிகிறதா? குழாய் அடியில் தண்ணீர் வேகமாக வருகிறதா, நூலாக வருகிறதா? மழை விட்ட பிறகு சுவரோரத்து மண்ணில் வரிசையாகக் குழி விழுந்திருக்கிறதா? பீலிக்குப் பின்னால் இருக்கிற பலகையில் கறை தெரிகிறதா? இதில் ஒன்றைக் கண்டாலும் மாதத்தைப் பார்க்காமல் துப்புரவாக்க வேண்டியதுதான்.

பனிக்காலத்தில் கூரை ஓரத்தில் ஐஸ் கட்டி தொங்குவதற்கும் பீலிதான் காரணம் என்று சிலர் சொல்வார்கள். முழுக்க அப்படி இல்லை. கூரைக்கு அடியில் இருக்கிற வெற்றிடமான அற்றிக்கில் வெப்பத்தடை குறைவாக இருந்தால் வீட்டுச் சூடு கூரையில் இருக்கிற பனியை உருக்கும், அது குளிரான ஓரத்துக்கு வந்து மறுபடி உறையும். அற்றிக்கைச் சரிசெய்வதுதான் அதற்கு மருந்து. ஆனாலும் இலையும் தண்ணீரும் நிறைந்த பீலி உறைந்தால் பாரத்தில் ஆணி கழன்று தொங்கிவிடும், குழாயும் வெடிக்கலாம்.

அடுத்தது யார் ஏறுவது என்பது. இதை மட்டும் அண்ணன் சொல்கிறேன் என்று கேளுங்கள். ஒற்றை மாடி வீடு என்றால், தரை சமமாக இருந்தால், கீழே ஒருவர் நின்றால், நீங்களே செய்யலாம். நான்கு அடி உயரத்துக்கு ஓர் அடி என்ற கணக்கில் ஏணியின் காலைச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். அலுமினியப் பீலியின் மேல் ஏணியைச் சாய்த்தால் நசுங்கும், சறுக்கும். சுவரில் முட்டுக்கொடுக்கிற தாங்கி ஒன்றை ஏணியில் பூட்ட வேண்டும். எட்டாத இடத்துக்கு எட்டிப் பிடிக்க வேண்டாம், இறங்கி ஏணியை நகர்த்துங்கள். வீட்டுக்கு வருகிற மின்கம்பி எங்கே போகிறது என்றும் முதலே பாருங்கள். உங்களுடையது இரண்டு மாடி. பிள்ளைகளை வைத்துக்கொண்டு நீங்கள் அங்கே ஏறவே வேண்டாம். அந்தக் காசை மிச்சம்பிடிக்காதீர்கள். அள்ளிய குப்பையைப் பிளாஸ்ரிக் பையில் கட்டினால் ரொறன்ரோவில் எடுக்க மாட்டார்கள், பழுப்புக் காகிதப் பையில் போட்டு வையுங்கள்.

வலை மூடி போட்டால் துப்புரவே தேவையில்லை என்று சொல்லி விற்பார்கள். மேப்பிள் இலைக்கு அது உதவும். பைன் ஊசியும் விதையும் வலையின் மேலே படிந்து பாய்போல ஆகும், அதையும் யாராவது ஏறித் தட்ட வேண்டும். உங்கள் வீட்டில் பைன் இருப்பதால் நான் அவசரப்பட மாட்டேன்.

பீலியைவிட முதலில், இந்தக் கிழமையே, குழாய் எங்கே முடிகிறது என்று பாருங்கள். குழாய் நேரே நிலத்துக்குள் கழிவுநீர்க் கால்வாயோடு போனால் அதைப் பிரித்துவிட வேண்டும் என்று ரொறன்ரோ மாநகரசபை 2007 இல் முடிவெடுத்து, 2016 ஆம் ஆண்டளவில் நகரம் முழுவதற்கும் கட்டாயமாக்கியது. பிரித்திருந்தாலும், பல வீடுகளில் அது சுவரடியிலேயே கொட்டிக்கொண்டிருக்கும். ஒரு நீட்டுக் குழாயைப் பூட்டித் தண்ணீரை இரண்டு மீற்றர் தள்ளி, சரிவு வெளிப்பக்கம் போகிற இடத்தில் விடுங்கள். அயலவர் காணிக்குள்ளும் நடைபாதையிலும் போகக் கூடாது. கடையில் விலை மிகக் குறைவு, ஸ்குரூ ட்ரைவர் ஒன்று போதும்.

கதவைத் தட்டியவரோடு ஒப்பந்தம் எழுத வேண்டாம். தெருவில் இரண்டு மூன்று பேரிடம் விசாரித்து, பொறுப்புக் காப்புறுதியும் வேலையிடத்தில் காயப்படுகிற வேலையாட்களுக்கான ஒன்ராறியோ காப்புறுதிச் சபையான டபிள்யூ.எஸ்.ஐ.பி. (WSIB) அத்தாட்சியும் காட்டக்கூடிய ஒருவரை எடுங்கள். குழாய்களுக்குள்ளும் தண்ணீர் விட்டுப் பார்ப்பது விலைக்குள் அடங்குமா என்று கேளுங்கள், பலர் பீலியை மட்டும் அள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். முன்னும் பின்னும் மேலிருந்து படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள். படத்தைப் பார்த்த பிறகு காசைக் கொடுங்கள்.