பழுத்தும் புளிக்கிறதே!

கேள்வி: மாங்காய் பழுத்தால் இனிக்கிறது. புளி மட்டும் ஏன் பழுத்த பிறகும் பல்லைக் கூச வைக்கிறது?

பதில்: நல்ல கேள்வி, எனக்கும் சின்ன வயதிலிருந்தே இருந்த சந்தேகம். மாங்காயின் புளிப்புக்கு முக்கியக் காரணம் சிட்ரிக் அமிலம். பழுக்கப் பழுக்க அது குறைந்துகொண்டே போகும், மாவுச்சத்து சர்க்கரையாக மாறும், இனிப்பு மேலே வந்துவிடும். புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம். திராட்சையிலும் இதுதான் இருக்கிறது, ஆனால் புளியில் உள்ள அளவுக்கு அங்கே இல்லை. இது லேசில் சிதையாது, பழம் பழுத்தாலும் வந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கும். இதில் வேடிக்கை என்னவென்றால், சர்க்கரையும் இன்னொரு பக்கம் ஏறிக்கொண்டேதான் இருக்கிறது, நன்றாகப் பழுத்து நீர் வற்றிய சதையில் எடைக்குச் சுமார் 30 முதல் 40 சதவீதம்கூட சர்க்கரை இருக்கும், அவ்வளவையும் வைத்துக்கொண்டு புளிப்பு என்று பெயர் வாங்கிய பழம் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்!

நீர் வற்றும்போது சதை சுருங்கி ஓட்டை விட்டு விலகிவிடும். ஒட்டாமல் பழகுகிறவர்களைப் புளியம்பழமும் ஓடும் போல என்று சொல்வது இதை வைத்துத்தான். என்னைக் கேட்டால், அதற்குக் கொஞ்சம் முந்திய செங்காய்ப் பருவம்தான் அருமை. முழுப் புளிப்பும் இல்லை, முழு இனிப்பும் இல்லை.

கேள்வி: அப்படியானால் இனிப்புப் புளி என்று விற்கிறார்களே, அது சர்க்கரை சேர்த்ததா?

பதில்: இல்லை. அது தனி ரகம், அமிலம் இயல்பாகவே குறைவு. தாய்லாந்தில் பெட்சபூன் மாகாணம் இதற்குப் பேர்போனது. மரம் அதே இனம்தான்.

கேள்வி: புளியின் ஆங்கிலப் பெயரில் இந்தியா ஒளிந்திருக்கிறது என்கிறார்களே, அப்படியென்றால் அது இந்திய மரம்தானே?

பதில்: பெயரில் இருப்பது உண்மை. 'தமர் ஹிந்தி' என்று அரபியில் சொன்னார்கள், அதாவது இந்தியப் பேரீச்சை. அதிலிருந்து வந்ததுதான் 'டாமரிண்ட்' என்ற ஆங்கிலப் பெயர். 1753-ல் தாவரவியலாளர் லின்னேயஸும் 'டாமரிண்டஸ் இண்டிகா' என்று அறிவியல் பெயர் வைத்து, இந்தியாவை இரண்டாவது முறையும் ஒட்டிவிட்டார். ஆனால் மரத்தின் பூர்வீகம் வெப்பமண்டல ஆப்பிரிக்கா. பேரீச்சைக்கும் இதற்கும் உறவே கிடையாது, அவரைக் குடும்பத்து மரம் இது. நம்ப முடியவில்லை என்றால் ஒரு முழுப் புளியங்காயைக் கையில் எடுத்துப் பாருங்கள், தடித்துப்போன அவரைக்காய் மாதிரி இருக்கும்.

கேள்வி: இரவில் புளியமரத்தடியில் படுத்தால் ஆகாது என்று பாட்டி சொல்வார். பேயா, கரியமில வாயுவா?

பதில்: பேய் விஷயத்தைப் பாட்டியிடமே விட்டுவிடுகிறேன். கரியமில வாயுவை இரவில் எல்லா மரமும்தான் விடுகிறது, புளிக்கு மட்டும் தனிக் குணம் ஒன்றும் இல்லை, திறந்த வெளியில் அது காற்றோடு கலந்து போய்விடும். சந்தேகத்தைக் கிளப்பியது வேறு சில சங்கதிகளாக இருக்கலாம்: இருட்டினால் இந்த மரத்தின் சின்னச் சின்ன இலைகள் ஜோடி ஜோடியாக மூடிக்கொள்ளும், அடியில் புல் பூண்டும் அவ்வளவாக முளைக்காது. புல் முளைக்காததற்கு அடர்ந்த நிழல் ஒரு காரணம், இலையிலிருந்து இறங்கும் பொருள்கள் மற்ற விதைகளின் முளைப்பைத் தடுப்பது இன்னொரு காரணம்.

கேள்வி: பித்தளைப் பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்த்தால் பளபளக்கிறதே, அதே பாத்திரத்தில் புளியைக் கரைத்து வைக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். கறுத்த படலத்தைக் கரைக்கிற அதே அமிலம், விட்டுவைத்தால் செம்பையும் கரைத்துப் புளிக்கரைசலில் இறக்கிவிடும். மண், பீங்கான், கண்ணாடி எதுவானாலும் சரி.

கேள்வி: வாங்கி வைத்த புளி சில மாதத்தில் கறுத்துவிட்டது. கெட்டுப்போனதா?

பதில்: நிறம் மாறினால் மட்டும் கெட்டதாக அர்த்தமில்லை. சூடும் ஈரமும் படப்பட புளி கறுக்கும், குளிர்ச்சியான இடத்தில் வைத்தால் நிறம் நிற்கும். பூஞ்சையோ புழுவோ தெரிந்தால் தயங்காமல் தூக்கிப் போடுங்கள்.

கேள்வி: கொட்டை போட்டு ஒரு கன்று வளர்த்திருக்கிறேன். எப்போது காய்க்கும்?

பதில்: ஒட்டுக்கன்று என்றால் மூன்று நான்கு வருடத்தில் எதிர்பார்க்கலாம். கொட்டையிலிருந்து வந்தது ஏழெட்டு வருடமோ அதற்கு மேலேயோ எடுக்கும். பூத்து, காய்த்து, பழுக்கவே எட்டு மாதத்துக்கு மேல் ஆகிற மரம் அது. தொட்டியில் இருந்தால் சீக்கிரம் மண்ணில் இறக்கிவிடுங்கள், ஆணிவேர் காத்திருக்காது.